தூங்காத மவுஸ்

தொலைந்துபோன மவுஸ் விழித்துக்கொண்டிருந்தது.

அதை அவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். மாலை வேலையை முடித்துவிடலாம் என்று மடிக்கணினியின் முன் உட்கார்ந்ததிலிருந்தே ஓர் எரிச்சல். அம்புக்குறி ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. தொடுபலகையிலிருந்து விரலை எடுத்த பிறகும் மெல்ல மேலே போனது, மெல்லக் கீழே வந்தது. ஒரு வரியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால், கண் இமைக்கும் நேரத்தில் மேல் வரியின் காலில் இடித்துக்கொண்டு நின்றது. கை வியர்வையாக இருக்கும் என்று துடைத்துப் பார்த்தாள். சனியன் பிடித்தது என்று வாய்விட்டுத் திட்டியும் பார்த்தாள். கடைசியில், கீபோர்டில் பேட்டரி தீர்ந்துபோய் ஏதாவது கோளாறு பண்ணுகிறதோ என்று, கம்பியில்லாக் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் அந்தச் சின்ன மென்பொருளைத் திறந்தாள்.

அது தம்பி போட்டுக் கொடுத்தது. மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை ஏற்றியதும் அவன்தான். "இந்த மவுஸ் கம்பெனிக்காரன் லினக்ஸ்காரங்களுக்குன்னு எதுவும் செஞ்சு தர மாட்டான்க்கா. யாரோ நாலு நல்லவங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எழுதி, யார் வேணா எடுத்துக்கோங்க, திறந்தும் பாத்துக்கோங்கன்னு விட்டிருக்காங்க. உன் மவுஸோட ஜாதகமே இதுல இருக்கும்" என்று அன்று பெருமையடித்தான். கணினியின் பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு ரிசீவர். அதோடு பேசும் கருவிகளின் பெயர்கள் மென்பொருளில் வரிசையாக நிற்கும். ஆளில்லாமல் சற்று நேரம் கிடந்தால் கருவி தூங்கிவிடும், பெயர் சாம்பல் நிறத்துக்கு மாறும். தொட்டால் விழிக்கும், பெயர் கறுக்கும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கீபோர்டின் பெயர் கறுப்பாக இருந்தது. நியாயம், அவள் இப்போதுதான் தட்டினாள்.

அதன் கீழே மவுஸின் பெயர். அதுவும் கறுப்பு.

போன வாரம் காணாமல் போன மவுஸ். சோபாவுக்கு அடியில், துணிக்கூடையில், குப்பைத் தொட்டியில்கூடத் தேடிவிட்டு, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்ட மவுஸ். எங்கோ மூலையில் கிடந்தால் இந்நேரம் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெயர் சாம்பலாகவே இல்லை.

தம்பிக்குப் போன் செய்து, மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"விழிச்சிருக்குன்னா அசையுதுன்னு அர்த்தம்க்கா" என்றான். வண்டிகளின் இரைச்சல் கேட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தான். "உன் அம்புக்குறி ஆடுறதும் அதனாலதான். ரெண்டு பேரு ஒரே வண்டிய ஓட்டுறீங்க. வேற யாரு, உன் பொண்ணுதான் எங்கயாவது வெச்சுக்கிட்டு நோண்டிக்கிட்டு இருப்பா."

"அவ தூங்குறாடா."

"அப்ப தூக்கத்துல நோண்டுறா. உன் பொண்ணாச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது ஒன்றும் இல்லாத விஷயம் என்று அந்தச் சிரிப்போடு நம்பவும் செய்தாள்.

மகளும் மவுஸும் பழைய கூட்டாளிகள். அம்மாவின் வேலை, மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்வது. நாள் முழுக்க நெஞ்சு, நுரையீரல், மூச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் குட்டிக்கும் அந்தப் பாஷை தொற்றிவிட்டது. மவுஸைத் தூக்கி அம்மாவின் நெஞ்சில் வைத்து, "மூச்சை இழு. பிடி. இப்ப விடு" என்று அதிகாரம் பண்ணுவாள். ஒரு நாள் அப்படி வைத்தபோது திரையில் அம்புக்குறி லேசாக அசைவதை இருவருமே பார்த்துவிட்டார்கள். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று அவள் மென்பொருளில் மவுஸின் நுண்ணுணர்வை உச்சத்துக்கு ஏற்றினாள். மூச்சை இழுத்தால் அம்பு மேலே. விட்டால் கீழே. பிடித்தால் அப்படியே நின்றது. குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவோட மூச்சு டிவியில தெரியுது!"

விளையாட்டாகத் தொடங்கினாலும் அவளுக்கு அது விளையாட்டாக இல்லை. குட்டிக்கு மூச்சிரைப்பு. பிறந்ததிலிருந்தே இரவில் நெஞ்சு ஏறி ஏறி இறங்கும். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அந்த விசிலை எத்தனை பேர் கூட்டத்திலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். பழைய வீட்டின் ஈரச்சுவர் ஆகாது என்றுதான் இந்த வீட்டுக்கு மாறினார்கள். கணவன் வெளியூர் வேலைக்குப் போனபிறகு அவளும் குட்டியும் மட்டும். வீடு ராசியாக இருந்தது. வந்ததிலிருந்து குட்டிக்கு ஒரு நாள்கூட இரைக்கவில்லை. ஆனாலும் மூச்சுமருந்துக் குப்பியை அவள் சட்டைப் பையிலிருந்து எடுப்பதில்லை. கண் பட்டுவிடுமோ என்ற பயம்.

"தேடிப் பிடிக்கணும்னா சுலபம்" என்றான் தம்பி. "லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு நட. கிட்ட போனா அம்பு ஒழுங்கா ஆடும், தூரம் போனா விட்டு விட்டு ஆடும், இன்னும் தூரம் போனா பேரு சாம்பலாயிடும். அதோட கை நீளம் ஒரு வீட்டளவுதான்."

"சாம்பலானா தூங்குதுன்னுல்ல சொன்ன?"

"தூங்கினாலும் சாம்பல், தூரமா போனாலும் சாம்பல். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

மடிக்கணினியைத் தாலாட்டுவதுபோல் கையில் ஏந்திக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நடந்தாள். வெளியே மழை விட்டிருந்தது. ஜன்னலில் மாலை வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. கூரையின் விளிம்பிலிருந்து சொட்டுகள் ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் விழும் ஓசையும், குளிர்பெட்டியின் முனகலும் தவிர வீடு நிசப்தமாக இருந்தது. வாசற்படிக்குப் போனாள். பெயர் சாம்பல். சமையலறைக்குத் திரும்பினாள். அம்பு விக்கி விக்கி அசைந்தது. நடைவழியில் கொஞ்சம் சீராக. குட்டியின் அறைக் கதவைத் தள்ளியதும், மேலே, கீழே, மேலே, கீழே, ஒரு தடங்கலும் இல்லாமல்.

"இவ ரூம்லதான்டா இருக்கு."

"சொன்னேன்ல!"

அறையில் பழைய துணியின் நெடி, கூடவே வேறொன்றும், நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவரின் போர்வையை உதறினால் வரும் இளஞ்சூட்டு வாடை. விளக்கைப் போடவில்லை, குட்டி விழித்துவிடுவாள். கட்டிலின் கால்மாட்டில் மடிக்கணினியை வைத்தாள். குட்டி மல்லாந்து படுத்திருந்தாள். சட்டைக்குள், போர்வைக்குள், தலையணைக்கு அடியில், மெதுவாகத் தடவிப் பார்த்தாள். இல்லை.

திரையைப் பார்த்தாள். மேலே. கீழே.

இந்த அசைவை அவளுக்குத் தெரியும். இருவரும் சிரித்துச் சிரித்துப் பார்த்த அசைவு.

அது மூச்சு.

சட்டென்று உள்ளங்கையை மகளின் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அம்புக்குறியோ அப்போதுதான் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. குட்டி மூன்று மூச்சு விடும் நேரத்தில் அது ஒன்றை இழுத்து முடித்தது. பெரிய மூச்சு. அவசரமே இல்லாத மூச்சு.

"டேய்" என்றாள். குரல் அடங்கிப் போயிருந்தது. "யாரோ மூச்சு விடுறாங்கடா."

"என்னது?"

"மவுஸ் யாரு நெஞ்சு மேலயோ இருக்கு. இவ நெஞ்சுல இல்ல."

அவன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எலி இழுத்துட்டுப் போய்க் கூட்டுல வெச்சிருக்கும், அது குட்டிங்களோட படுத்துத் தூங்குது. விடு, இதுக்கும் வழி இருக்கு. அந்த மவுஸ் போன் மாதிரி அதிரும். மென்பொருள்ல அதிர்வுன்னு ஒரு வரி இருக்கு பாரு, பக்கத்துல சோதனை பொத்தான். அமுக்கு. சத்தம் வர்ற பக்கம் போய் எடுத்துட்டு வா."

அவள் அந்த வரியைக் கண்டுபிடித்தாள். நடுங்கும் அம்புக்குறியைத் தொடுபலகையால் இழுத்து இழுத்துப் பொத்தான்மேல் கொண்டுபோனாள். அது நழுவிக்கொண்டே இருந்தது. கட்டிலில் அசைவு. குட்டி கண்ணைத் திறந்திருந்தாள்.

"செல்லம், மவுஸை எங்கம்மா வெச்ச?"

"பேஷன்ட்கிட்ட இருக்கு."

"எந்த பேஷன்ட்? பொம்மையா?"

குட்டி விரலை நீட்டினாள். அலமாரிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, இரண்டு சின்ன மரக்கதவு போட்ட பரண். பழைய சாமான் கிடக்கிறது, திறக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவள் நாற்காலி போட்டு ஏறினாலே எட்டாத உயரம்.

"அங்க நீ எப்படி ஏறின?"

"நான் ஏறல. அவங்க கைய நீட்டினாங்க, குடுத்தேன்." குட்டி கொட்டாவி விட்டாள். "அவங்களுக்கு மூச்சே வரலம்மா. என்னோட மூச்சிரைப்பைக் கேட்டாங்க. அதையும் குடுத்துட்டேன்."

"என்னக்கா, அமுக்கினியா?" என்றான் தம்பி காதுக்குள்.

கை தன்பாட்டுக்கு அமுக்கிவிட்டது.

"வேணாம்மா" என்றாள் குட்டி. "எழுப்பாத."

ர்ர்ர்.

பரணுக்குள், பலகையில் அல்ல, மெத்தென்ற எதன்மேலோ, அடங்கிய அதிர்வு.

நின்றது.

அம்புக்குறியும் நின்றது.

மேலே போகவில்லை. கீழே வரவில்லை. திரையின் நடுவில் ஆணியடித்தாற்போல் நின்றது. அவள் அதையே பார்த்தாள். கூரைச் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. குளிர்பெட்டி முனகலை நிறுத்தியது. வீடு காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியதுபோல் இருந்தது.

பிறகு, பரணின் கதவிடுக்கிலிருந்து, நீண்ட ஒரு மூச்சு உள்ளே போகும் ஓசை. அதன் கடைசியில் மெல்லிய விசில்.

எத்தனை பேர் கூட்டத்திலும் அவள் அடையாளம் சொல்லும் விசில்.

பலகை கிறீச்சிட்டது. மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து கதவுப் பக்கத்துக்கு, பாரம் நகர்ந்தது. அலமாரியின் தலையில் தூசு கொட்டியது. பரணின் தாழ்ப்பாள் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

அம்பு துள்ளியது. திரையின் ஒரு மூலைக்கு ஓடியது.

குட்டியை வாரி எடுத்தாள். மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கினாள். எதற்கு என்று தெரியாது. கைக்குள் இருந்தது, கூடவே வந்தது. போன் தரையில் விழுந்து "அக்கா? அக்கா?" என்றது. குனிந்து எடுத்தாள். நிமிரும்போது பரண் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. நடைவழி. கூடம். வாசல்.

"நான் வண்டியத் திருப்பிட்டேன், நீ வெளிய வா, வீட்ட விட்டு வெளிய வந்துடு" என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான். அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

கார் வாசலிலேயே நின்றது. மடிக்கணினியைப் படியில் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள், குட்டியின் இருக்கை அங்கேதான். குட்டி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பின்னாடி வேணாம். முன்னாடி உக்காந்துக்கிறேன்." வாதாட நேரமில்லை. சுற்றிக்கொண்டு ஓடி முன்னிருக்கையில் வைத்து வாரைப் பூட்டினாள், திரும்பி வந்து படியிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள், திறந்தே கிடந்த பின்கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தினாள், ஏறினாள், கிளப்பினாள். வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. திருடன் வரட்டும். அள்ளிக்கொண்டு போகட்டும்.

பெரிய சாலைக்கு வந்தபோது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. பெட்ரோல் பங்கின் வெள்ளை வெளிச்சத்தில் ஓரமாக நிறுத்தினாள். ஒருவன் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சண்டையைக் கேட்க அவளுக்கு அமிர்தமாக இருந்தது. மனுஷக் குரல்!

"பங்குல நிக்கிறேன்டா."

"அங்கயே இரு. பக்கத்துல வந்துட்டேன். குட்டி எப்படி இருக்கா?"

குட்டி இருக்கையில் சுருண்டு படுத்திருந்தாள். அவள் மூச்சுமருந்துக் குப்பியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள். விசில் இல்லை. சத்தமே இல்லாத சுத்தமான மூச்சு. அதைக் கேட்டு அழுகை வந்தது. இதற்காகத்தானே வேண்டாத தெய்வமில்லை என்று வேண்டினாள்? இப்படியா கிடைக்க வேண்டும்?

மனம் கேட்கவில்லை. மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தாள். மென்பொருள் திறந்தபடியே இருந்தது.

கீபோர்டு, சாம்பல். வீட்டு மேசையிலேயே கிடக்கிறது.

மவுஸ், சாம்பல்.

சாம்பல்! தூரத்தில் இருக்கிறது. வீட்டளவு கை, வீட்டோடு நின்றுவிட்டது. அம்புக்குறி அசையாமல் கிடந்தது. அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "சாம்பலாயிடுச்சுடா" என்றாள். "அப்பாடா" என்றான் அவன். தாம் எதற்காக அப்பாடா சொல்கிறோம் என்று இருவருக்குமே புரியவில்லை.

போனை வைத்தாள். இவ்வளவு நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் கூனியே உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் வலித்தது. கண்ணை மூடி, மெல்ல, இருக்கையில் சாய்ந்தாள்.

இதமாக இருந்தது. கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட.

கண்ணைத் திறந்தபோது மவுஸின் பெயர் கறுப்பாக இருந்தது.

அவள் அதையே பார்த்தாள். தூரமா போனாலும் சாம்பல். தூங்கினாலும் சாம்பல். தம்பி சொன்னது ஒவ்வொரு சொல்லாக வந்தது. அது தூரத்தில் இல்லை. அசையாமல் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். இவ்வளவு நேரமும் எதன் கையிலோ, அசையாமல்.

அம்புக்குறி மேலே போனது. கீழே வந்தது.

வேகமாக. மேலே, கீழே, மேலே, கீழே. இது அந்தப் பெரிய மூச்சு அல்ல. பதறும் மூச்சு. குட்டியைப் பார்த்தாள். குட்டியின் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது.

குட்டியும் இல்லை.

முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவில், உள்ளங்கை அளவுக்கு ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது. வழவழப்பாக. சூடாக.

மூச்சைப் பிடித்தாள்.

அம்பு நின்றது.

காற்றடித்துக்கொண்டிருந்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சண்டை போட்டவன் உள்ளே போய்விட்டான். காருக்குள் காய்ச்சல் போர்வையின் வாடை. அவள் பிடரியில், முடி அசையும் அளவுக்கு, இளஞ்சூடான காற்று பட்டது. அதன் கடைசியில் விசில்.

கண்ணாடியைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

குட்டி விழித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், தெரிந்தவர்களைப் பார்க்கிற மாதிரி. பிறகு அம்மாவின் காதருகே எக்கி வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"பயப்படாதம்மா. இப்ப அவங்கதான் டாக்டர். நீ பேஷன்ட்."

திரையில் அம்புக்குறி அசையாமல் காத்திருந்தது.

"மூச்சை விடு."